கேட்டவருக்குப் பதில் கிடைக்கும் மன்றம்: தொடங்குவது முதல் வளர்ப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இணையத்தில் ஒரு கலந்துரையாடல் மன்றம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது மென்பொருளைத்தான். எதை நிறுவலாம், எந்த வார்ப்புரு அழகாக இருக்கும், லோகோ எப்படி வைக்கலாம் என்றே வாரங்கள் ஓடிவிடும். ஆனால் மன்றம் பிழைப்பதை முடிவுசெய்வது வேறு ஒன்று. புதிதாக வந்த ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி போடுகிறார். மாலையில் வந்து பார்க்கிறார், மறுநாளும் பார்க்கிறார், பதில் இல்லை. மூன்றாம் நாள் அவர் வருவதில்லை. பதிலில்லாத அந்தக் கேள்வியோ அங்கேயே கிடந்து, அடுத்து வருகிறவரிடமும் 'இங்கே ஆள் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியையும் ஒரே அளவுகோலை வைத்துப் பார்க்கிறேன்: கேட்டவருக்குப் பதில் கிடைக்க இது உதவுமா? விளக்க வசதியாக ஓர் உதாரணத்தையும் எடுத்துக்கொள்வோம். பழைய ஃபிலிம் கேமராக்களைத் தாங்களே பழுதுபார்க்கிறவர்களுக்கு ஒரு மன்றம் என்று வையுங்கள்.

படி 1: மன்றம்தான் வேண்டுமா என்று பாருங்கள்

வாட்ஸ்அப், டெலிகிராம், டிஸ்கார்ட் குழுக்கள் ஐந்து நிமிடத்தில் தொடங்கிவிடக்கூடியவை. ஆட்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். 'இன்று யார் வருகிறீர்கள்?' வகைப் பேச்சுக்கு அவை போதும், மன்றம் தேவையே இல்லை.

மன்றத்தின் பலம் வேறு. 1960களின், 70களின் பல கேமராக்களின் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரியில் ஓடியது. அந்த பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. அதே அளவில் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் பல கேமராக்களில் ஒளிமானி தவறாகக் காட்டும். இதற்கு என்ன வழி என்று ஒருவர் கேட்கிறார். காதுகேள் கருவிக்கான துத்தநாக-காற்று பேட்டரியை ஒரு வளையத்தில் பொருத்திப் போடலாம் என்று இன்னொருவர் படத்தோடு விளக்குகிறார். அரட்டைக் குழுவில் இந்தப் பதில் இரண்டே நாளில் மேலே போய் மறைந்துவிடும். அடுத்த மாதம் இன்னொருவர் அதையே கேட்பார், விளக்கியவர் சலித்துப்போவார். மன்றத்தில் அது ஒரு தனி இழையாக (ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதில்களும் சேர்ந்த தொடராக), தனி முகவரியோடு நிற்கும். ஐந்து வருடம் கழித்துத் தேடுபொறி வழியே வருகிறவருக்கும் அதே பதில் பயன்படும். உங்கள் துறையில் வரும் கேள்விகளில் பத்தை எழுதிப் பாருங்கள். அவற்றில் பாதிக்கு மேல் இரண்டு வருடம் கழித்தும் பயன்படும் என்றால் மன்றம் தொடங்குங்கள்.

இன்னொரு காரணம் உரிமை. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் போனது. அவற்றில் வருடக்கணக்காகச் சேர்ந்திருந்த உரையாடல்களை, நேரத்தில் பிரதி எடுத்துவைத்தவர்கள் மட்டுமே காப்பாற்றினார்கள். உங்கள் டொமைனில், உங்கள் கையில் பேக்கப்போடு இருக்கும் மன்றத்தை இன்னொரு நிறுவனத்தின் முடிவு அழித்துவிட முடியாது.

படி 2: பொருளைச் சுருக்குங்கள்

'புகைப்படக்கலை மன்றம்' என்று தொடங்கினால் ஏற்கெனவே இருக்கும் பெரிய மன்றங்களோடு போட்டி போட வேண்டும். வருகிறவர்களில் ஒருவர் கல்யாண ஆல்பம் பற்றிக் கேட்பார், இன்னொருவர் ட்ரோன் பற்றி, மூன்றாமவர் மொபைல் கேமரா பற்றி. ஒருவர் கேள்விக்கு மற்றவரால் பதில் சொல்ல முடியாது. பொருள் விரிய விரியப் பதில் கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது. 'ஃபிலிம் கேமரா பழுதுபார்த்தல்' என்றால் இருபது பேர் இருந்தாலே போதும், ஷட்டர் சிக்கிக்கொண்ட கேள்விக்கு அவர்களில் ஒருவருக்காவது விடை தெரிந்திருக்கும்.

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1978 பிப்ரவரியில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் சிகாகோவில் இயக்கத் தொடங்கிய முதல் கணினி அறிவிப்புப் பலகை (தொலைபேசி வழியே கணினியை அழைத்துச் செய்தி போட்டுப் படிக்கும் வசதி), அவர்களுடைய கணினி ஆர்வலர் சங்கத்தின் உறுப்பினர்களுக்காக அமைத்தது. ஒரே தொலைபேசி இணைப்பு, ஒரு நேரத்தில் ஒருவர்தான் அழைக்க முடியும். யாருக்காக என்று தெளிவாகத் தெரிந்திருந்ததால் அந்தச் சின்ன வசதியே போதுமானதாக இருந்தது.

பொருளை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: 'இது இன்னாருக்காக, இன்ன வேலையில் அவர்களுக்கு உதவ.' அந்த வாக்கியமே மன்றத்தின் முகப்பில் நிற்கட்டும். நீங்கள் ஓரளவாவது பதில் சொல்லக்கூடிய துறையாக அது இருக்க வேண்டும். முதல் சில மாதங்கள் பதில் சொல்லப்போவது பெரும்பாலும் நீங்கள்தான்.

படி 3: மென்பொருள்

இதில் அதிக நாள் செலவிட வேண்டாம். பிஎச்பிபிபி 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, இலவசம், திறந்த மூலம், மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கிலும் (பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் சேவை) ஓடும். மைபிபி, எஸ்எம்எஃப் இரண்டும் அதே வகை. இன்னும் எளிமையான, புது முகம் வேண்டுமென்றால் ஃப்ளாரம் பாருங்கள். ஸென்ஃபோரோ பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள், பெரிய மன்றங்களுக்குத் தோதானது. ஏற்கெனவே வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்களுக்கு பிபிபிரஸ் செருகுநிரல் போதுமானதாக இருக்கலாம்.

2013இல் அறிமுகமான டிஸ்கோர்ஸ்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை. திறந்த மூலம், மொபைலில் நன்றாக இருக்கும், ஸ்பேம் தடுப்பும் மின்னஞ்சல் வழிப் பதிலும் உள்ளேயே உண்டு. பகிர்வு ஹோஸ்டிங்கில் மட்டும் ஓடாது. குறைந்தது 1 ஜிபி நினைவகம் உள்ள சொந்த மெய்நிகர் சர்வரும், டாக்கர் (மென்பொருளை நிறுவி இயக்கும் ஒரு கருவி) கட்டளைகளைப் பார்த்துப் பயப்படாத ஓர் ஆளும் தேவை. அப்படி யாரும் இல்லையென்றால், மாதக் கட்டணத்துக்கு நிறுவிப் பராமரித்துத் தரும் சேவைகள் இருக்கின்றன. எதை எடுத்தாலும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். தரவை முழுதாக வெளியே எடுக்க முடிகிறதா, கடந்த ஆறு மாதத்தில் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்திருக்கிறதா, மொபைலில் ஒரு கேள்வி போட எத்தனை தட்டு தட்ட வேண்டியிருக்கிறது. மூன்றாவதை நீங்களே செய்து பாருங்கள். பலர் நுழையும் வாசல் அதுதான்.

படி 4: சர்வர், மின்னஞ்சல், பேக்கப்

டொமைன் பெயர் சின்னதாக, வாயால் சொன்னால் எழுதக்கூடியதாக இருக்கட்டும். எச்டிடிபிஎஸ் கட்டாயம். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்துவிடலாம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் என்றால் எழுத்துக் குறியாக்கத்தை 'யூடிஎஃப்8எம்பி4' (utf8mb4) என்று வையுங்கள். பழைய 'யூடிஎஃப்8' மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. யாராவது ஒரு எமோஜி போட்டால் பதிவு பாதியில் வெட்டுப்படும் அல்லது பிழை காட்டும்.

மின்னஞ்சலுக்கு நிறைய கவனம் கொடுங்கள். பலர் அலட்சியப்படுத்தும் இடம் இது. 'உங்கள் கேள்விக்குப் பதில் வந்திருக்கிறது' என்ற அஞ்சல்தான் கேட்டவரைத் திரும்பக் கூட்டிவரும். அது ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்தால் பதில் எழுதியவர் உழைப்பும் வீண், கேட்டவரும் வரமாட்டார். சொந்த சர்வரிலிருந்தே நேரடியாக அஞ்சல் அனுப்ப முயல வேண்டாம். பல கிளவுட் நிறுவனங்கள் அதற்கான 25ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கின்றன. அஞ்சல் அனுப்பித் தருவதற்கென்றே உள்ள ஒரு சேவையில் கணக்கு தொடங்கி, அஞ்சல் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப் (SPF), டிகேஐஎம் (DKIM), டிமார்க் (DMARC) பதிவுகள் மூன்றையும் டொமைனின் டிஎன்எஸ் (DNS) அமைப்பில் சேருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புகிறவர்களிடம் இந்த மூன்றையும் கட்டாயமாகக் கேட்கின்றன. திறக்கும் முன் வெவ்வேறு நிறுவனங்களின் முகவரிகளுக்குச் சோதனை அஞ்சல் அனுப்பி, எந்தப் பெட்டியில் விழுகிறது என்று கண்ணால் பாருங்கள்.

பேக்கப் தினமும் தானாக எடுக்கப்பட வேண்டும், அதே சர்வரில் இல்லாமல் வேறு இடத்தில் சேமிக்கப்பட வேண்டும். தரவுத்தளத்தோடு உறுப்பினர்கள் ஏற்றிய படங்களும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், திறப்பதற்கு முன்பே ஒருமுறை அந்த பேக்கப்பிலிருந்து மன்றத்தை வேறொரு சர்வரில் மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

படி 5: திறப்பதற்கு முன்

பிரிவுகள் நான்கைந்து போதும். நம் உதாரணத்துக்கு: பழுதுபார்த்தல், உதிரி பாகங்களும் கருவிகளும், முடித்த வேலைகள், பொதுப் பேச்சு, மன்றம் பற்றி. நிறுவனத்துக்கு ஒன்று, லென்ஸுக்கு ஒன்று என்று இருபது பிரிவு வைத்தால் பதினைந்து காலியாகக் கிடக்கும், வருகிறவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். ஒரு பிரிவில் ஒரே வகைக் கேள்விகள் குவிந்து மற்றவற்றை மறைக்கும்போது பிரிக்கலாம்.

அடுத்து, மன்றத்துக்குள் இருபது முப்பது இழைகளையாவது எழுதி வையுங்கள். ஒப்புக்கு எழுதுவதில் பயனில்லை. உங்களுக்கே உண்மையில் தெரிய வேண்டியிருக்கும் கேள்விகள், நீங்கள் படத்தோடு செய்து முடித்த பழுதுகள், வயதானால் பிசுபிசுத்துப் போகும் ஒளித்தடுப்பு நுரைப்பட்டையை எப்படிச் சுரண்டி எடுத்து மாற்றுவது போன்ற விளக்கங்கள். பத்துப் பதினைந்து பேரைத் தனித்தனியாக அழையுங்கள். பொது அழைப்பு வேண்டாம். 'நீங்கள் லீஃப் ஷட்டர் நன்றாகக் கழுவுவீர்கள் என்று தெரியும். அது பற்றி இரண்டு கேள்வி நிற்கிறது, பார்க்க முடியுமா?' என்று காரணத்தோடு கேட்டால் பெரும்பாலும் வருவார்கள்.

போலிக் கணக்குகளால் கூட்டம் காட்டும் யோசனை சிலருக்கு வரும். ரெட்டிட் தொடங்கிய நாட்களில் நிறுவனர்களே பல பெயர்களில் இணைப்புகள் போட்டதை அவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆலோசனை கேட்டு வரும் இடத்தில், பதில் சொன்னவர் உண்மையான ஆள் என்ற நம்பிக்கையில்தான் ஒருவர் தன் கேமராவைப் பிரிக்கிறார். அது ஒருமுறை உடைந்தால் ஒட்டாது. உங்கள் சொந்தப் பெயரில் எத்தனை இழை வேண்டுமானாலும் தொடங்குங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

படி 6: முதல் ஆறு மாதம்

சரி, திறந்தாயிற்று. இனி உங்கள் வேலை தினமும் ஒன்றுதான்: பதில் இல்லாத இழைகளின் பட்டியலைப் பார்ப்பது. பெரும்பாலான மென்பொருள்களில் அப்படியொரு பட்டியல் உண்டு. எந்தக் கேள்வியும் ஒரு நாளுக்கு மேல் தனியாக நிற்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை தெரியாவிட்டாலும் சும்மா விடாதீர்கள். 'ஷட்டரை அழுத்தும்போது பிளேடு கொஞ்சமாவது அசைகிறதா? பக்கவாட்டிலிருந்து ஒரு படம் போட முடியுமா?' என்று கேட்பதும் ஒரு பதில்தான். பெரும்பாலும் கேள்வியைத் தெளிவாக்கிவிட்டாலே விடை சொல்லக்கூடியவர் அதைக் கண்டுகொள்வார். விடை தெரிந்த உறுப்பினரைப் பெயர் சொல்லி இழைக்குள் அழையுங்கள். ஆனால் ஒரே ஆளை நாளுக்கு மூன்று தடவை அழைத்தால் அவர் ஓடிவிடுவார்.

புதியவர் முதல் தடவை எழுதும்போது தனிக் கவனம் கொடுங்கள். தலைப்பு 'உதவி!!' என்று மட்டும் இருந்தால் திட்ட வேண்டாம், நீங்களே தலைப்பைத் திருத்தி, ஏன் திருத்தினீர்கள் என்று ஒரு வரி சொல்லுங்கள். 'தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்' என்ற பதிலை மன்றத்தில் அனுமதிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பழைய இழை இருக்கிறதென்றால் அதன் இணைப்பைக் கொடுத்து, அதில் எந்தப் பகுதி இவருக்குப் பொருந்தும் என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

நான்காவது மாதம் வாக்கில் வேறு மாதிரி ஒரு கட்டுப்பாடு தேவைப்படும். எல்லாவற்றுக்கும் நீங்களே முதலில் பதில் சொன்னால் மற்றவர்களுக்கு இடமில்லாமல் போகும், மன்றம் உங்கள் ஆலோசனை மையமாக மாறிவிடும். உங்களுக்கு விடை தெரிந்த கேள்வியையும் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். இன்னொருவர் சொன்னால் அதைப் பாராட்டுங்கள், விட்டுப்போனதை மட்டும் சேருங்கள். உறுப்பினருக்கு உறுப்பினர் பதில் சொன்ன இழைகள் எத்தனை என்று மாதம் ஒருமுறை எண்ணுங்கள். பதிவு செய்தவர் எண்ணிக்கையைவிட இது பல மடங்கு உண்மையைச் சொல்லும்.

எழுதாமல் படிப்பவர்கள் அதிகம் என்று மனம் தளராதீர்கள். இணையச் சமூகங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் படிக்க மட்டும் செய்வார்கள், 9 சதவீதம் எப்போதாவது எழுதுவார்கள், 1 சதவீதம்தான் பெரும்பகுதியை எழுதும் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதினார். அது தோராயக் கணக்கு, சின்ன, நெருக்கமான மன்றங்களில் இதைவிட நன்றாகவே இருக்கும். ஆனாலும் படிக்கிறவர்களை எழுதவைக்கச் சின்னச் சின்ன வழிகள் வேண்டும். 'இந்த வாரம் உங்கள் மேசையில் என்ன கேமரா?' மாதிரி ஒரு படமும் ஒரு வரியும் போதும் என்ற இழை அதற்கு உதவும். அதை ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில் திறங்கள்.

படி 7: விதிகளும் மட்டுறுத்தலும்

விதிகள் ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். ஆளைத் தாக்காதே, கருத்தை மறுக்கலாம். விளம்பரம் எங்கே போடலாம், எங்கே கூடாது. மற்றவரின் தனிப்பட்ட விவரங்களை வெளியிடாதே. சட்டத்துக்குப் புறம்பானது உடனே நீக்கப்படும். இவ்வளவுதான் எல்லா மன்றத்துக்கும் பொது. உங்கள் துறைக்கே உரிய ஆபத்து ஒன்றாவது இருக்கும், அதைச் சேருங்கள். நம் உதாரணத்தில், ஃபிளாஷ் கருவியின் மின்தேக்கி அணைத்த பிறகும் அபாயகரமான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதைத் திறப்பது பற்றிய எந்தப் பதிலும் எச்சரிக்கையோடுதான் தொடங்க வேண்டும் என்பது ஒரு விதி.

செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில்கள் பற்றியும் தொடக்கத்திலேயே முடிவெடுங்கள். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரில் சாட்ஜிபிடி எழுதிய பதில்களைத் தடைசெய்தது. பார்க்க நன்றாக இருந்தும் தவறாக இருந்த பதில்கள் சரிபார்ப்பவர்களின் சக்திக்கு மீறிக் குவிந்தன என்பது அதன் காரணம். செய்து பார்க்காததைச் செய்து பார்த்தது போல் எழுதக் கூடாது என்று விதி வைத்தால், கருவி எதுவானாலும் அது பொருந்தும்.

ஸ்பேம் முதல் வாரத்திலேயே வரும். புதுக் கணக்குகளின் முதல் ஓரிரு பதிவுகளை ஒப்புதலுக்கு நிறுத்தி வைப்பது எளிய, வலுவான தடுப்பு. டிஸ்கோர்ஸ் இதை நம்பிக்கை நிலைகளாக வைத்திருக்கிறது. புதியவர் 5 இழைகளைத் திறந்து, 30 பதிவுகளைப் படித்து, 10 நிமிடம் செலவழித்த பிறகே அடுத்த நிலைக்குப் போவார். அதுவரை இணைப்பும் படமும் போடுவதில் வரம்பு உண்டு. மனிதருக்கு அது ஒரே மாலையில் தானாக நடந்துவிடும், ஸ்பேம் போடும் நிரலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மெட்டாஃபில்டர் மன்றம் புது உறுப்பினரிடம் 5 டாலர் ஒருமுறைக் கட்டணம் வாங்கியே வடிகட்டியது. தொடங்கும் மன்றத்துக்கு அது கடினம், பெரிதான பிறகு யோசிக்கலாம்.

சண்டை வந்தால் முதலில் தனிச்செய்தி. எந்த வரி, எந்த விதி என்று குறிப்பாகச் சொல்லுங்கள், ஆளின் குணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். இழையை விட்டு விலகிய பேச்சை அழிப்பதைவிடத் தனி இழையாக நகர்த்துவது மேல். இரண்டாவது முறை என்றால் சில நாள் இடைநீக்கம், நாள் கணக்கை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நிரந்தரத் தடையை ஒருவர் மட்டும் முடிவுசெய்யக் கூடாது. எடுத்த நடவடிக்கைகளை மட்டுறுத்துநர்கள் (பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துகிறவர்கள்) மட்டும் பார்க்கும் ஓர் இழையில் குறித்து வையுங்கள், ஆறு மாதம் கழித்து 'எனக்கு மட்டும் ஏன்?' என்று ஒருவர் கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும். பதவி கேட்டு வருகிறவரைவிட, ஒரே கேள்விக்கு பத்தாவது முறையும் பொறுமையாகப் பதில் சொல்கிறவரை மட்டுறுத்துநர் ஆக்குங்கள். நன்றாக எழுதுகிறவர், நிறைய தெரிந்தவர், ஆனால் புதியவர்களை மட்டம் தட்டுகிறவர் ஒருவர் எல்லா மன்றத்திலும் இருப்பார். அவரை இழக்கப் பயந்து விட்டுவைத்தால், பெயர் தெரியாத பலரை இழப்பீர்கள். அவர்கள் புகார் சொல்லிக்கொண்டு போவதில்லை, சும்மா போய்விடுவார்கள்.

உறுப்பினரின் மின்னஞ்சல், ஐபி முகவரி எல்லாம் தனிப்பட்ட தரவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018இலிருந்து நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் சட்டம் அப்படித்தான் கருதுகிறது. தேவைக்கு மேல் சேகரிக்க வேண்டாம். மொபைலில் எடுத்த படங்களுக்குள் எடுத்த இடத்தின் விவரம் ஒளிந்திருக்கலாம், அதை ஏற்றும்போதே அகற்றும் வசதி இருந்தால் இயக்குங்கள். ஒருவர் விலக விரும்பினால் கணக்கைப் பெயரற்றதாக்கலாம், இழைகள் உடையாது. பதிவுகளுக்குள் அவரே தன்னைப் பற்றி எழுதிய விவரங்களையும் கேட்டால் நீக்கிக்கொடுங்கள்.

படி 8: வளர்ச்சி

புதியவர்களில் பெரும்பகுதி தேடுபொறி வழியாகத்தான் வருவார்கள். அதனால் இழைகளைப் படிக்க உள்நுழையச் சொல்லாதீர்கள், எழுத மட்டும் கேளுங்கள். தலைப்புகள் கேட்பவர் வாயில் வரும் சொற்களில் இருக்கட்டும். விடை கிடைத்த இழையில் 'தீர்ந்தது' அடையாளம் வையுங்கள், எந்தப் பதில் வேலை செய்தது என்று கேட்டவரையே எழுதச் சொல்லுங்கள். அந்தக் கடைசிப் பதிவு இல்லாத இழைகளை எத்தனை பேர் ஏமாற்றத்தோடு மூடியிருப்பார்கள்!

ஓராண்டில் அடிக்கடி வரும் பத்துப் பதினைந்து கேள்விகள் தெரிந்துவிடும். அவற்றின் நல்ல பதில்களைத் தொகுத்து, எழுதியவர் பெயரோடு வழிகாட்டி இழைகளாக்குங்கள். வாரம் ஒருமுறை சுருக்க அஞ்சல் அனுப்புங்கள், அதில் பதில் காத்திருக்கும் இரண்டு மூன்று கேள்விகளும் கட்டாயம் இருக்கட்டும். 'சிறந்த பதிவுகள்' மட்டும் அனுப்பினால் படிப்பார்கள், காத்திருக்கும் கேள்வியைப் பார்த்தால்தான் எழுத வருவார்கள்.

திடீர் வளர்ச்சி வந்தால் கவனம். இணையத்தின் பழைய விவாதக் குழுக்களான யூஸ்நெட்டில் ஒவ்வொரு செப்டம்பரிலும் புதுக் கல்லூரி மாணவர்கள் வந்து, சில வாரத்தில் பழக்கவழக்கம் கற்றுக்கொள்வார்கள். 1993 வாக்கில் இணையச் சேவை நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் ஓயாமல் வரத் தொடங்கியதும், கற்றுக்கொடுக்கப் பழையவர்களால் முடியவில்லை. பெரிய தளம் ஒன்று உங்கள் மன்றத்தைச் சுட்டி ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் குவிந்தால், சில நாள் புது உறுப்பினர் சேர்க்கையை மெதுவாக்குவதில் தவறில்லை.

படி 9: பணமும் வாரிசும்

சின்ன மன்றத்தின் செலவு டொமைன், சர்வர், அஞ்சல் சேவை. முதலில் கைக்காசு, பிறகு கணக்கை வெளிப்படையாகக் காட்டி நன்கொடை. விளம்பரம் போட்டே ஆக வேண்டுமென்றால் உள்நுழைந்தவர்களுக்குக் காட்டாதீர்கள், பதில் எழுதுகிறவர்கள் அவர்கள்தான்.

நிர்வாகக் கணக்கு உங்களிடம் மட்டும் இருக்கக் கூடாது. நம்பகமான இன்னொருவரிடம் சர்வர், டொமைன், பேக்கப் மூன்றுக்கும் வழி இருக்க வேண்டும். டொமைனைப் பல வருடத்துக்குச் சேர்த்துப் புதுப்பியுங்கள். மென்பொருள் மாற்றினால் பழைய இழைகளின் முகவரிகளை 301 திசைமாற்றால் (பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகப் புதிய முகவரிக்கு அனுப்பும் அமைப்பு) புதியதோடு இணையுங்கள், இல்லையென்றால் வருடக்கணக்கில் தேடுபொறி சேர்த்துவைத்த வழிகள் ஒரே இரவில் அறுந்துவிடும். என்றாவது நடத்த முடியாமல் போனால், குறைந்தது மூன்று மாதம் முன்பே அறிவியுங்கள், எடுத்து நடத்த ஆள் தேடுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் உள்நுழைவை மூடி, தனிச்செய்திகளையும் மின்னஞ்சல்களையும் அழித்துவிட்டு, பொது இழைகளை மட்டும் நிலையான எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி அதே முகவரிகளில் விட்டுவையுங்கள். அதற்குத் தரவுத்தளமும் வேண்டாம், ஓயாத புதுப்பிப்பும் வேண்டாம், மிகச் சிறிய ஹோஸ்டிங்கே போதும்.